அட்டையில் எழுதிய புழு

எங்கள் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் சமையலறை வாசலோடு நின்றுவிடுவார். கேபிள்காரர் ஹாலைத் தாண்ட மாட்டார். கரன்ட் கணக்கெடுப்பவருக்கு மீட்டர் பெட்டியே போதும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும், குளியலறை மூலைக்கும், மாடிப்படிக்கு அடியிலும் போகிற உரிமை கொசுப்புழு பார்க்க வருகிற பெண்களுக்கு மட்டும்தான் உண்டு. வாரம் ஒருமுறை வருவார்கள். அதே தெரு, அதே வீடுகள். பச்சைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச், தோளில் மருந்துப் பை. ட்ரம்மைத் திறந்து பார்ப்பார்கள், ஃபிரிட்ஜின் பின்தட்டை இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டையில் தேதி போட்டு, புழு இருந்தால் 'உண்டு', இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

தாம்பரத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து பெண்களுக்கான உதவி மையம் ஒன்றை நடத்திவருகிறோம். வீட்டில் அடிபடுகிறவர்கள் தாமாக எங்களைத் தேடி வருவது குறைவு. வருகிறவர்களும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார்கள். உள்ளே போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அப்படித்தான் கொசுப்புழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் பத்தாவதுதான். பதினோரு வருஷம் துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டியவள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறக்கும் வரை பேச்சை இழுத்துப் பிடிக்கத் தெரியும் என்பதுதான் எனக்கிருந்த தகுதி.

முதல் நாள் சமுதாயக் கூடத்தில் இருபதுக்கும் மேல் வந்திருந்தார்கள். முந்தின நாள் நடந்த காதுகுத்து விழாவின் பேனர் இன்னும் மேடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒருவர் கேட்டார்.

"டெங்கு மீட்டிங்னா பிரியாணி குடுப்பாங்க. இதுக்கு இன்னாக்கா குடுப்பீங்க?"

"டீயும் பன்னும்."

"அடிதடி மீட்டிங்குக்கு பன்னு தானா," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கோவளத்துப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சேலையூரில் வாழ்க்கைப்பட்டவர். காலையில் மீன் விற்றுவிட்டுத்தான் இந்த வேலைக்கு வருவார். எந்தப் பேச்சுக்கும் அவரிடம் எதிர்ப்பேச்சு இருக்கும்.

ஒரு வீட்டுக்குள் போனால் அங்கே அடி உதை இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். உடைந்த கதவு, குடிக்கிற புருஷன், கத்தல் என்று பதில்கள் வந்தன. ஒருவர் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார். வேங்கைவாசலிலிருந்து வருகிறவர். நாற்பது வயதிருக்கும். டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு அதன் பட்டனை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப சுத்தமா கீற வூட்டுக்குப் போனா எனக்கு சந்தேகம் வந்துரும்க்கா," என்றார். "எல்லார் வூட்லயும் ஒரு மூலையில அழுக்கு துணி கெடக்கும், ஒரு டம்ளர் கழுவாம கெடக்கும். அதான் வூடு. ஒண்ணுமே இல்லாம, ஃபிரிட்ஜ் பின்னால கூட தொடச்சு வச்சிருந்தா, அந்தப் பொம்பள யாருக்கோ பயந்துகினு தொடைக்கிறா."

நான் என் நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அந்த வரியை நான் பார்த்ததில்லை.

அன்று நான் சொல்லிக்கொடுத்தவை அதிகமில்லை. தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். அவள் சொல்கிற வரை காத்திருங்கள். பொறுத்துப்போ என்றும் சொல்லாதீர்கள், விட்டுட்டு வா என்றும் சொல்லாதீர்கள். அவள் அனுமதியில்லாமல் உங்கள் சூப்பர்வைசருக்குக்கூடச் சொல்லாதீர்கள். கடைசியாக, எழுந்து போகிற நேரத்தில், ஒரு உற்சாகத்தில் இதையும் சொன்னேன்:

"மறுபடி ஒரு வீட்டுக்குள்ள போகணும்னா சாக்கு தேட வேண்டியதில்ல. உங்க வேலையே உங்களுக்கு சாக்கு. அதை உபயோகிச்சுக்கங்க."

சொன்னபோது எனக்கே அது நன்றாக இருந்தது. நல்ல புடவையைப் பிரித்துப் போட்டதுபோல.

வேங்கைவாசல்காரருக்கு மாடம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் நான்கு தெருக்கள். அதில் ஒரு தனி வீடு. கணவர் ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஏதோ மேனேஜர். மனைவி வீட்டோடு. ஒரே பெண், பிளஸ் டூ படிக்கிறாள். வாசலில் கேமரா, அதன் படம் கணவரின் செல்போனில். வெள்ளைத் துணி கட்டி மேலே மூடி போட்ட தரையடித் தண்ணீர்த் தொட்டி, சம்ப். பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி, எலும்புபோலக் காய்ந்து கிடக்கும். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டு அட்டையில் 'இல்லை' தவிர வேறு எதையும் அவர் எழுதியதில்லை.

பயிற்சிக்குப் பிறகு போனபோது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்.

"நல்லா கீறியாம்மா?"

மனைவி கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். நல்லா இருக்கேன்க்கா என்றிருக்கிறாள். மூன்று வாரம் அதே கேள்வி, அதே பதில். நான்காவது வாரம் ஃபிரிட்ஜை நகர்த்தும்போது சொல்லியிருக்கிறாள்.

"இந்த விரல்ல அழுத்தம் குடுக்க முடியலக்கா. நீங்க கொஞ்சம் தள்ளுங்க."

வலது கை மோதிர விரல் வளைந்து ஒட்டியிருந்தது. வேங்கைவாசல்காரர் ஃபிரிட்ஜைத் தள்ளினார். வேறெதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் அவளே பேசினாள். எட்டு நிமிஷம்தான் பேசினாள் என்று இவர் என்னிடம் சொன்னார். கேமராவில் பார்க்கிறவருக்கு ஒரு வீட்டில் கொசுப்புழு பார்க்க எவ்வளவு நேரமாகும் என்பது தெரியும். அதற்கு மேல் தங்க முடியாது.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் அவள் தெளிவாக இருந்தாள். மகளின் பரீட்சை முடிகிற வரை அந்த வீட்டில் இருப்பாள். முடிந்ததும் இருவரும் கேளம்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவார்கள். அதுவரை போலீஸும் வேண்டாம், எந்த அதிகாரியும் வேண்டாம். ஆனால் போகும்போது கையில் கொஞ்சம் காகிதம் வேண்டும். எல்லாம் பீரோவில் இருக்கின்றன. சாவி கணவரின் இடுப்பில். அவர் குளிக்கும்போது மட்டும் அது கட்டிலின் மேல் இருக்கும். வாரம் ஒரு காகிதத்தை எடுத்து மளிகைப் பையில் வைத்திருப்பாள். வேங்கைவாசல்காரர் வரும்போது தன் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு அழித்துவிட வேண்டும். மறுநாள் கணவர் குளிக்கும்போது காகிதம் திரும்பப் பீரோவுக்குப் போய்விடும்.

திருமணப் பதிவு வந்தது. இருவரின் ஆதாரும் வந்தது. மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும், விரலுக்கு எடுத்த எக்ஸ்ரே சீட்டும் பாக்கி. எக்ஸ்ரே சீட்டில் தேதி இருந்தது. கதவில் நசுங்கியது என்று டாக்டர் எழுதியிருந்தார். அவள் சொல்லித்தான் எழுதினார். அது இருந்தால்தான் விரல் என்றைக்கு உடைந்தது என்பதாவது வழக்கில் நிற்கும்.

எக்ஸ்ரே சீட்டை எடுக்க வேண்டிய வாரம் போனபோது கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் லேப்டாப். மனைவி வாயைத் திறக்கவில்லை. ஆனால் மளிகைப் பை சமையலறைத் தரையில், கண்ணில் படும்படி இருந்தது. எக்ஸ்ரே சீட்டு அதற்குள் இருக்கிறது என்று அர்த்தம். எடுக்க வழியில்லை. திரும்ப வைத்துவிட்டால் மறுபடி எடுக்க முடியுமோ என்னவோ; அடுத்த வாரம் வரை அது வெளியே இருந்தால் மாட்டிக்கொள்வாள்.

புழு இருக்கிற வீட்டுக்கு மூன்றாம் நாள் மறுபடி போக வேண்டும் என்பது அவர்கள் வேலையின் விதி. நான் சொன்ன வாக்கியம் அவருக்கு ஞாபகம் வந்தது. வெளியே வந்து அட்டையில், 'சிமெண்ட் தொட்டி, புழு உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதை அவர் ஒரு மறைப்பாகத்தான் நினைத்தார். அந்த ஊரில் எந்த வீட்டில் அதை எழுதியிருந்தாலும் வீட்டுக்காரர் முணுமுணுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவியிருப்பார். அன்று சாயங்காலம் அந்தக் கணவர் மீட்டர் பெட்டிப் பக்கம் போய் அட்டையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் வேங்கைவாசல்காரர் போனபோது கேட்டிலேயே கணவர் நின்றிருந்தார்.

"எந்தத் தொட்டிம்மா? காட்டு."

தொட்டி எப்போதும்போலக் காய்ந்துதான் கிடந்தது. நேத்து கழுவியிருப்பீங்க சார் என்று இவர் சொல்லிப் பார்த்தார்.

"கழுவவே இல்ல. கழுவறதுக்கு அதுல தண்ணியே இல்ல. இனிமே நீ கேட்டுக்கு வெளிய நின்னு சைன் போட்டுட்டுப் போ. உள்ள வர வேண்டாம்."

கதவுக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தாள். காதை மறைத்து முந்தானையை இழுத்துவிட்டிருந்தாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

வேங்கைவாசல்காரர் மிச்சத் தெருவைப் பார்க்காமல் ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் மையத்துக்கு வந்துவிட்டார். கோட்டைக் கழற்றவில்லை. டீ கொடுத்தோம், குடிக்கவில்லை.

"நான் எழுதுன ஒரு வார்த்தைக்கு அடி வாங்கிகீறாக்கா. தெருவுலயே சுத்தமான வூடு. அதுல போய் புழுன்னு எழுதிட்டேன்."

"அந்த சாக்கை சொல்லிக்கொடுத்தது நான்."

"உன்னுது வாயால சொன்னது. காத்துல போயிரும். என்னுது எழுதி, கையெழுத்து வேற போட்டுகீறேன்."

நான் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது எனக்கு நானே சொல்லிக்கொள்வதாக இருந்திருக்கும். அந்த வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். சுத்தம்தான் அடி விழாமலிருக்க அவளுடைய தடுப்பு என்பதை முதல் நாளே என் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். எழுதிவைத்தும் யோசிக்கவில்லை.

எங்கள் மையத்தில் ஒருவர், குடும்ப வன்முறைப் புகாரை வாங்கும் பாதுகாப்பு அலுவலரிடம் உடனே போய்விடலாம் என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அவளைக் கேட்காமல் இன்னொரு முறை எதையும் செய்யக் கூடாது என்றார் வேங்கைவாசல்காரர். அதுதான் சரி. ஆனால் கேட்பதற்கு உள்ளே போக வேண்டும், கதவு மூடியாயிற்று.

அந்தத் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குப்பை வாங்கும் பேட்டரி வண்டி உள்ளே வர முடியாமல் தெருமுனையில் நிற்கும். வீட்டுக்காரர்கள்தான் வாளியைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அது கேமராவின் கண்ணுக்கு எட்டாத இடம். வேங்கைவாசல்காரர் மறுநாள் காலை வண்டிக்குப் பக்கத்தில், மருந்துப் பையைக் கிளறுகிற மாதிரி நின்றார். அவள் இரண்டு வாளியோடு வந்தாள். பச்சை வாளியைக் கொட்டி முடிப்பதற்குள் இவர் மன்னிப்புக் கேட்டார். நீல வாளியைக் கொட்டும்போது அவள் பேசினாள்.

"சீட்டு அரிசி டப்பாவுல இருக்கு. அவர் இன்னும் பார்க்கல. நீங்க உள்ள வரணும்க்கா."

"எப்படிம்மா வர்றது?"

"தப்பு உங்களோடதுன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அவர் இருக்கும்போது வந்து சொல்லுங்க. பெரிய ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்க. அவர் ஜெயிச்ச மாதிரி இருக்கணும்."

அதைச் சொல்லிவிட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அட்டையில் 'உண்டு' என்று எழுதியதை மாற்றி எழுதும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு மட்டும்தான். அவரைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்ல அவளுடைய அனுமதி இல்லை. அதனால் வேங்கைவாசல்காரர் போய், பக்கத்து வீட்டுக் கணக்கை இந்த வீட்டு அட்டையில் கவனக்குறைவாக எழுதிவிட்டேன் சார் என்றார். அவருடையது ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் பெயர் போட்டால்தான் உண்டு. கவனக்குறைவு என்று ஒருமுறை பதிவானால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், எழுதித்தான் வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அடுத்த பயிற்சி. எந்த வீடு, எந்தத் தெரு என்று சொல்லாமல், ஒரு வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நடித்துப் பார்க்கலாம் என்றேன். கோவளத்துக்காரர் கோட்டின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு புருஷனாக எழுந்து நின்றார்.

"இன்னாடி எழுதிகீற? என் வூட்ல புழுவா? உன் கண்ணுல புழு," என்று கையை ஓங்கினார்.

"வாய அடக்கிப் பேசு. தண்ணி தேக்கி வச்சா புழு வராம பூவா வரும்?" என்றார் வேங்கைவாசல்காரர்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. கோவளத்துக்காரர் கையை இறக்கிவிட்டார்.

"ஏன்க்கா, மன்னிப்பு கேக்க சொன்னா மல்லுக்கு நிக்கிறியே."

மறுபடி ஆரம்பித்தோம். இரண்டாம் முறையும் வேங்கைவாசல்காரரால் முடியவில்லை. மூன்றாம் முறை 'தப்பு என்மேலதான்' என்பது வரை வந்து நின்றுவிட்டார். பதினாறு வருஷமா என் வூட்ல கூட நான் இத சொன்னதில்லக்கா, வர மாட்டேங்குது என்றார். யாரும் சிரிக்கவில்லை. கோவளத்துக்காரர் துண்டை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவன மனசுல வச்சுகினு சொல்லாத. உள்ள கீற அந்தப் பொண்ண வச்சுகினு சொல்லு. அவகிட்ட தானே கேக்கணும். வாய் அவன் பக்கம் இருக்கட்டும்."

நான்காம் முறை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் போனார்கள். நடந்ததை வேங்கைவாசல்காரர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒரு வார்த்தை மாறாமல். சூப்பர்வைசர் கேட்டில் நின்று விஷயத்தைச் சொன்னார். வேங்கைவாசல்காரர் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என்மேலதான் சார், பக்கத்து வூட்டுது உங்க அட்டையில எழுதிட்டேன் என்றார். கணவர் கத்தவில்லை. சிரித்தார்.

"பரவாயில்லம்மா. ஹ்யூமன் எரர். ஆனா பத்து வருஷமா இந்த வீட்ல இருக்கேன். சார், நீங்களே உள்ள வந்து செக் பண்ணிடுங்க. ப்ளீஸ்."

சூப்பர்வைசரை அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். சம்ப், மேல்தொட்டி, பூச்செடித் தட்டு. சமையலறையில் மனைவியைப் பார்த்து, "ஃபிரிட்ஜை நகர்த்து, சார் பார்க்கட்டும்," என்றார். அவள் நகர்த்தினாள். வேங்கைவாசல்காரர் கூடப் பிடிக்கப் போனார். நீங்க விடுங்க, அவ பண்ணுவா என்றார் கணவர்.

சூப்பர்வைசர் அட்டையில் 'தவறான பதிவு' என்று எழுதி, பழையதை அடித்துக் கையெழுத்துப் போட்டார். கணவருக்கு அது போதவில்லை.

"இந்த அம்மா வாரா வாரம் உள்ள வந்து, எல்லாத்தையும் பார்த்து, இல்லைன்னு பெருசா எழுதிட்டுப் போகணும். தெருவுல நாலு பேர் பார்க்கிறாங்க இல்ல?"

கண்டிப்பா சார் என்றார் சூப்பர்வைசர்.

கதவு அப்படித்தான் மறுபடி திறந்தது.

திங்கட்கிழமை என்னிடம் வந்தபோது வேங்கைவாசல்காரர் டீ குடித்தார்.

"எங்க கோவளத்துக்காரி கத்துனதுல கால்வாசி கூட அந்த ஆளு கத்தலக்கா. ப்ளீஸ் ப்ளீஸ்னு பேசுறான். அதான் எனக்கு பயமா பூடுச்சு. நாம கத்துற ஆளுக்குத்தான் ரெடியாகினு கீறோம்."

பயிற்சியில் அதற்கப்புறம் புருஷன் வேஷம் போடுகிறவர் கத்தக் கூடாது என்று வைத்தோம். நடிப்பது கஷ்டமாகிவிட்டது. சிரிப்பும் குறைந்தது.

எக்ஸ்ரே சீட்டு அடுத்த வாரம் வந்தது. அரிசி மாவு ஒட்டியிருந்ததால் படம் ஒரு ஓரத்தில் மங்கல். தேதி தெரிந்தது. மார்க் ஷீட் அதற்கடுத்த வாரம். பிறகு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் வாரா வாரம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருவரும் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். சும்மா, சாம்பார்ல என்ன போட்ட, அவ்ளோதான் என்றார்.

மகளின் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள், கணவர் ஆபீஸுக்குப் போன பிறகு, தாயும் மகளும் குப்பை வாளிகளை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள். வாளிகளை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார்கள். துணி எதுவும் எடுக்கவில்லை. மெயின் ரோட்டில் எங்கள் மையத்து ஆட்டோ நின்றது. அன்று மதியமே பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்தோம். என் போனில் சேர்ந்திருந்த படங்களை அச்சுப் போட்டு இணைத்தோம். வழக்கு அதன் வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. வேகம் என்று சொல்லக் கூடாது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம் வேங்கைவாசல்காரருக்கு ஏரியா மாற்றிவிட்டார்கள். கவனக்குறைவு என்று பதிவாகியிருந்ததுதான் காரணம். பம்மல் பக்கம் போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து இரண்டு பஸ். சூப்பர்வைசரிடம் போய் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம்க்கா, சொன்னா அந்தப் பொண்ணு கதைய சொல்லணும், அது அவளுது என்றார். பயிற்சிக்கு மட்டும் வருகிறார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் இப்போது அட்டையைப் பற்றிச் சொல்கிறார். எழுதுறதுக்கு முன்னாடி, எழுதட்டுமான்னு அவள கேளு என்பதுதான் அவர் சொல்வது. வேலையே சாக்கு என்ற என் வாக்கியத்தை நான் எடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுத அனுமதி கேட்கத்தான் இரண்டு மாதம் முன்பு கேளம்பாக்கம் போனேன். அக்கா வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறார்கள். மகள் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அம்மா ஒரு கேட்டரிங் கடைக்குச் சப்பாத்தி தேய்த்துக் கொடுக்கிறாள். வளைந்த விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு மற்ற விரல்களால் தேய்க்கிறாள். அறையில் ஒரு மூலையில் மடிக்காத துணி குவிந்து கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். 

நான் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். அட்டையில் அப்படி எழுதலாம் என்ற யோசனை என்னிடமிருந்து போனது, அன்று அடி விழுந்தது அதனால்தான் என்றேன்.

அவள் கையில் இருந்த உருண்டையைப் பலகையில் வைத்துவிட்டு யோசித்தாள்.

"ஆமாக்கா. அந்த வாரம் வேற ஏதாவதுக்கு விழுந்திருக்கும். ஆனா அந்த அடி, அது எழுதலேன்னா விழுந்திருக்காது."

சரி என்றேன்.  அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். நாலைந்து சப்பாத்தி ஆயிற்று.

"டார்ச் அக்காவுக்கு வேலை இருக்குதா?"

"இருக்கு. ஏரியா மாத்திட்டாங்க. பம்மல் பக்கம்."

"என்னாலயா?"

"பதிவுனால."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்ப எங்க தெருவுக்கு யார் வர்றாங்க?"

"புதுசா ஒருத்தங்க. சின்னப் பொண்ணு. நம்ம பயிற்சிக்கு வந்திருக்கா."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க," என்றாள். சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "மாடம்பாக்கத்துல எங்க வீட்டுக்குப் பின்பக்கம் ஒட்டுன வீடு. கீழ ஓனர் இருக்காங்க. மாடியில வாடகைக்கு ஒரு புது ஜோடி. டார்ச் அக்கா எப்பவும் கீழ மட்டும் பார்த்துட்டு ஓனர் கிட்ட சைன் வாங்கிட்டுப் போயிடுவாங்க. மாடிக்கு ஏற மாட்டாங்க. யாரும் ஏற மாட்டாங்க. படி வெளிய இருக்கு, கிரில் போட்டிருக்கும். என் குளியல் ரூம் ஜன்னல் வழியா எனக்குக் கேக்கும்."

"என்ன கேக்கும்?"

"மாடியில இருக்கற பொண்ணு தண்ணிய தொறந்து வுட்டுட்டு அழும். நானும் அப்படித்தான் தொறந்து வுடுவேன். ரெண்டு வீட்லயும் ஒரே நேரத்துல தண்ணி ஓடும்."

அவள் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, எந்த வீடு, எந்தப் பக்கத்துப் படி என்று என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"மாடியில ஒரு ட்ரம் இருக்கு. மூடி கிடையாது," என்றாள். "ஏறச் சொல்லுங்க. ஆனா எடுத்ததும் எதையும் எழுத வேண்டாம்."